சப்ளையர் "இல்லை" என்று சொன்னால் போதுமா?

(கோடை விடுமுறைக்கு முன்பு நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னும் சில நாட்களில் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்துவிடும். பார்க்கிங்கில் பாதி கார்கள் காணாமல் போய்விடும். சிலர் ஊட்டி, கொடைக்கானல், சிலர் குலதெய்வம் கோயில், சிலர் திருப்பதி, இரண்டு மூன்று குடும்பங்கள் சிங்கப்பூர், மலேசியா என்று கேள்விப்பட்டேன். எங்கே போனாலும் ஒரு நாளைக்கு மூன்று வேளை வெளியில்தான் சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை இருந்தால் அந்த மூன்று வேளையும் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவது என்பதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

நான் டாக்டர் இல்லை. ஹோட்டல் சமையலறைகளை மேற்பார்வை பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். அதனால் அடுப்படிப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மருந்து விஷயத்தில் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதை மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தெளிவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பது வேறு. பால் ஒவ்வாமை வேறு. முதலாவது செரிமானக் கோளாறு. தொல்லைதான், உயிருக்கு ஆபத்து கிடையாது. ஒவ்வாமை என்பது நம் உடம்பின் காவல்காரன் ஆள் தெரியாமல் அடிப்பது மாதிரி. பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, எள், கோதுமை, மீன், இறால், நண்டு போன்ற சாதாரணச் சாப்பாட்டைக் கண்டு உடம்பு போருக்குக் கிளம்பிவிடும். சிலருக்குத் தடிப்பு, அரிப்போடு போய்விடும். சிலருக்குத் தொண்டை வீங்கி, மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். போன தடவை தடிப்போடு போனது, இந்தத் தடவையும் தடிப்போடுதான் போகும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அளவு கொஞ்சம்தானே என்ற சமாதானமும் செல்லாது.

"இல்லை" என்ற பதில் எப்படிப் பிறக்கிறது?

மதியம் ஒரு மணி. நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல். இரண்டு பஸ் வந்து நிற்கிறது. ஒரு சப்ளையர் ஆறு மேசை பார்க்கிறார். நீங்கள் கேட்கிறீர்கள்: "தம்பி, இந்தக் குருமாவில் கடலை இருக்கா?" அவர் மனதுக்குள் குருமாவை ஒரு முறை பார்க்கிறார். உருளைக்கிழங்கு தெரிகிறது, பட்டாணி தெரிகிறது, கடலை தெரியவில்லை. "இல்லைங்க" என்கிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குருமாவை அவர் செய்யவில்லை. அரைத்தது உள்ளே இருக்கும் சரக்கு மாஸ்டர். காலை ஐந்து மணிக்கே அரைத்து வைத்துவிட்டு அவர் ஓய்வெடுக்கப் போயிருக்கலாம். "தெரியாது" என்று சொன்னால் வாடிக்கையாளர் கோபிப்பார், கல்லாவில் முதலாளி முறைப்பார் என்று சப்ளையருக்குத் தோன்றும். எங்கள் தொழிலில் "தெரியாது" என்று சொல்ல யாருக்கும் பழக்கிவிடுவதில்லை. அதனால் வாயில் முதலில் வருவது "இல்லை".

இன்று நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டியது ஒரே ஒரு விஷயம் என்றால் அது இதுதான்: எதிரில் நிற்பவர் "தெரியாது" என்று தயங்காமல் சொல்லும்படி கேள்வி கேளுங்கள். அப்படி அவர் சொல்லிவிட்டால் அந்த உணவை விட்டுவிடுங்கள். மழுப்பலான "இல்லை"யைவிட நேர்மையான "தெரியாது" நம் பிள்ளைக்கு ஆயிரம் மடங்கு பாதுகாப்பு.

கண்ணுக்குத் தெரியாமல் எங்கே இருக்கும்?

மூன்று இடங்களில் இருக்கும்: எண்ணெயில், அரைத்ததில், பொதுப் பாத்திரத்தில்.

எண்ணெய். எள் ஒவ்வாத ஒருவர் "எள் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். நல்லெண்ணெய் என்பதே எள்ளெண்ணெய்தான் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றாது. இட்லிப்பொடிக்கு ஊற்றுவது, புளியோதரைக்கு ஊற்றுவது, பல ஊர்களில் இட்லித் தட்டில் தடவுவதும் நல்லெண்ணெய்தான். கடலை எண்ணெயும் அப்படியே. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிகக் குறைவு. இப்போது எல்லோரும் பெருமையாகப் போர்டு மாட்டும் செக்கு எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும், ஒவ்வாமையைத் தூண்டுவதே அந்தப் புரதம்தான்.

அரைத்தது. வெள்ளைக் குருமாவில் முந்திரியும் கசகசாவும் அரைபட்டிருக்கும். பன்னீர் பட்டர் மசாலா போன்ற வடநாட்டுக் குழம்புகளின் கெட்டித்தன்மை பெரும்பாலும் முந்திரி விழுதால் வருவது. தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலைதான் முறை. விலை கட்டுப்படாமல் வேர்க்கடலையைச் சேர்ப்பவர்களும் உண்டு, ருசிக்காக முந்திரி சேர்ப்பவர்களும் உண்டு. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் கத்திரிக்காயில் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். புளியோதரைப் பொடியில் எள். கோயில் பிரசாதம் என்றாலும் எள் எள்தான்.

கோதுமை ஒவ்வாதவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது போகிறது. "சாம்பாரில் கோதுமையா?" என்று மாஸ்டரே சிரிப்பார்.

இனிப்புகளிலும் இதே கதைதான். தூத்துக்குடி மக்ரூன் பார்ப்பதற்கு வெண்மையாக, பால் இனிப்பு மாதிரி இருக்கும். அது முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலும் நெய்யும். ஊர் திரும்பும்போது வாங்கி வந்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பவர்கள் பெட்டியின் மேல் என்னென்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் புண்ணியம்.

பொதுப் பாத்திரம். பொடி தோசை வார்த்த கல்லில்தான் அடுத்த சாதா தோசையும் வார்ப்பார்கள். முட்டை தோசை போட்ட கல்லும் அதுவே. கடற்கரைக் கடைகளில் இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனும் காலிஃபிளவரும் பொரிகின்றன. ஒரே ஜல்லிக்கரண்டி எல்லாச் சட்டிக்கும் போய் வரும். பஃபேயில் கரண்டிகள் இடம் மாறுவதை நாமே பார்க்கிறோம். பச்சைப் புள்ளி போட்ட சைவ ஹோட்டல் என்பதால் முந்திரி, எள், பால் ஒவ்வாதவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.

எப்படிக் கேட்பது?

கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். பன்னிரண்டு மணிக்கு முன்போ, மூன்று மணிக்குப் பிறகோ மாஸ்டருக்கு மூச்சு விட நேரம் இருக்கும். சப்ளையரிடம், "தம்பி, உங்களுக்குத் தெரியாவிட்டால் பரவாயில்லை, மாஸ்டரிடம் ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேளுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவர் தோளிலிருந்து பாரத்தை இறக்கிவிடும்.

மாஸ்டரிடம் "அலர்ஜி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பிடிக்காத கத்திரிக்காய்க்கும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தி வைத்திருக்கிறோம். "வேர்க்கடலை பட்டாலே பிள்ளைக்கு மூச்சு அடைத்துவிடும், ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்" என்று சொல்லுங்கள். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

பிறகு மூன்று கேள்விகள். என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள்? இதில் என்னென்ன அரைத்துப் போட்டீர்கள்? இதே கல்லில், இதே சட்டியில் வேறு என்ன செய்கிறீர்கள்? இவற்றுக்கு "ஆமாம், இல்லை" என்று தலையாட்டித் தப்பிக்க முடியாது. தெரிந்தவர் விவரமாகச் சொல்வார். தெரியாதவர் திணறுவார். திணறினால் அதுவே உங்களுக்குப் பதில்.

"கடலை" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். நம் ஊரில் வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை எல்லாமே கடலைதான். வேர்க்கடலை என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்றால் உடனே புரியும். தடாவைத் தாண்டி ஆந்திராவுக்குள் போய்விட்டால் இட்லிக்கு வைக்கும் சட்னியே வேர்க்கடலைச் சட்னியாக மாறிவிடும். அங்கே பல்லீலு அல்லது வேருசெனக என்று கேட்க வேண்டும். கர்நாடகத்தில் கடலேகாயி, சேங்கா. கேரளத்தில் கப்பலண்டி. இந்தி பேசும் ஊர்களில் மூங்ஃபலி. முந்திரிக்கு காஜூ, எள்ளுக்கு தில்.

போன மாதம் இதே ஹோட்டலில் சாப்பிட்டோமே என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள். எண்ணெய் மாறியிருக்கும், மாஸ்டர் மாறியிருப்பார். ஒரே பெயர்ப் பலகை மாட்டிய இரண்டு கிளைகளில் இரண்டு விதமாக அரைப்பார்கள்.

எல்லாம் சந்தேகமாகவே இருந்தால்? வெறும் சோறு, உங்கள் கையிலிருக்கும் பொடி அல்லது ஊறுகாய், வாழைப்பழம், இளநீர். முட்டை சேருபவர்களுக்கு ஓட்டோடு அவித்த முட்டை. ஒரு வேளைச் சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போவது நம் பாட்டிமார்கள் வழக்கம்தானே. ஒவ்வாமை உள்ளவர் இருக்கும் வீட்டில் அந்தக் கட்டுச்சோறு கட்டாயம்.

சட்டம் எதுவரை துணை வரும்?

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளின்படி பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் ஒவ்வாமைப் பொருட்களை எழுத வேண்டும். மத்திய உரிமம் பெற்ற அல்லது 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களும் மெனுவில் அந்த விவரத்தைக் காட்ட வேண்டும். பெரிய சங்கிலி உணவகங்களுக்குப் போனால் உரிமையோடு கேளுங்கள். நெடுஞ்சாலையில் நாம் நிறுத்தும் ஒற்றைக் கடைகளுக்கு இந்த மெனு விதி வராது.

இன்னொன்று. அந்த விதியில் பசைப்புரதமுள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை மற்றும் கொட்டைப்பருப்புகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை இருக்கின்றன. எள் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருள் பட்டியலில் எள் உண்டு, நாம் தாளிக்கும் கடுகும் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள் ஒன்பதாவது பொருளாகச் சேர்ந்துவிட்டது. ஆகவே நம் ஊர் பாக்கெட்டில் கீழே உள்ள ஒவ்வாமை வரியை மட்டும் படித்துவிட்டு எள் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மேலே உள்ள பொருட்கள் பட்டியலை முழுவதும் படியுங்கள்.

சட்டம் இருக்கும் நாட்டிலும் ஓட்டை இருக்கும். 2016-இல் நடாஷா என்ற 15 வயதுப் பெண் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு ரொட்டி சாண்ட்விச் வாங்கினாள். எள் ஒவ்வாமை உள்ளவள். லேபிளைப் படித்தார்கள், எள் பற்றி ஒரு சொல் கூட இல்லை. எள் மாவுக்குள் பிசைந்து சுடப்பட்டிருந்தது. கடையிலேயே செய்து கட்டிய உணவுக்கு அப்போது முழு லேபிள் கட்டாயமில்லை. பிரான்சுக்குப் பறந்த விமானத்திலேயே மூச்சு அடைத்தது. தந்தை ஊசி போட்டும் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோர் விடாமல் போராடியதில் 2021 அக்டோபர் முதல் அங்கே விதி மாறியது. நடாஷா சட்டம் என்றே அதை அழைக்கிறார்கள். லேபிள் வெறுமையாக இருந்தால் "பொருள் இல்லை" என்று படிக்கக் கூடாது, "எழுதவில்லை" என்று படிக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

சிங்கப்பூர், மலேசியா போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்ப்பார்கள். கீரைப் பொரியலில்கூட இருக்கும். சாத்தேக்கு ஊற்றுவது வேர்க்கடலைக் குழம்பு. மலாய் மொழியில் வேர்க்கடலைக்குக் கச்சாங், இறாலுக்கு ஊடாங். தாய்லாந்தில் மீன் சாறு இல்லாத பதார்த்தம் அபூர்வம்.

மீறி நடந்துவிட்டால்

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, குரல் கம்முதல், மூச்சிரைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, தலைசுற்றல் என்று ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். செட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைபட்ட மூச்சைத் திறக்காது. மாத்திரை கொடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கும் நேரம்தான் உயிரைக் கொண்டுபோகும் நேரம்.

வெளிநாடுகளில் பேனா மாதிரி ஒரு கருவியைத் தொடையில் அழுத்தினால் தானே ஊசி இறங்கும். நம் ஊர் மருந்துக் கடைகளில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. அதனால் பயணத்துக்கு முன்பே ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். மருந்தைக் கையில் வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு, யார் போடுவது என்று எழுதி வாங்கி, போடும் முறையை அவர் முன்னாலேயே பழகிக்கொள்ளுங்கள். மருந்தை வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள். விமானத்தில் கைப்பையிலேயே, மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். நீங்கள் சாப்பிட நிறுத்தப் போகும் ஊரில் இருபத்துநான்கு மணி நேர அவசரப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவுகளில் அட்ரினலின் அடிப்படை மருந்து.

108-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமமாக இருந்தால் சாய்த்து உட்கார வையுங்கள். நடக்க வைக்காதீர்கள், திடீரென்று எழுப்பி நிறுத்தாதீர்கள். சரியாகிவிட்டது என்று உடனே வண்டியைக் கிளப்பவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிப்பார்கள்.

மற்றவர்களுக்கு

இவ்வளவு நேரம் ஒவ்வாமை உள்ள குடும்பங்களிடம் பேசினேன். மற்றவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நாம் சேர்ந்து பயணம் போகிறவர்கள். நம் சங்கத்தின் சுற்றுலா பஸ்ஸில் ஐம்பது பேர் போகிறோம். ஒரு குழந்தையின் அம்மா மாஸ்டரிடம் பேசப் போகும்போது "இவங்களுக்கு எப்பவும் இப்படித்தான், நேரமாகுது" என்று யாராவது முணுமுணுத்தால் அடுத்த ஊரில் அவர் கேட்கத் தயங்குவார். "ஒரு வாய் சாப்பிட்டா என்ன ஆயிடும்" என்று அன்பாக ஊட்டுகிற தாத்தா பாட்டிகளும் நம்மிடம் உண்டு. அன்பில் குறை இல்லை. அந்த ஒரு வாய்தான் ஆபத்து. அம்மாவைக் கேட்காமல் எந்தக் குழந்தைக்கும் எதையும் கொடுக்காதீர்கள். வளர்ந்த பிள்ளைகளைத் தாங்களே மாஸ்டரிடம் கேட்கப் பழக்குங்கள். நாளை கல்லூரிச் சுற்றுலாவில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒரு சீட்டு. பெயரை மாற்றி, பொருளை மாற்றி, போகும் ஊரின் மொழியிலும் எழுதி பர்சில் வைத்துக்கொள்ளுங்கள்:

"என் மகளுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஆகாது. துளி பட்டாலும் மூச்சு அடைத்து உயிருக்கு ஆபத்தாகும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், இவை சேர்ந்த சட்னி, பொடி, மசாலா எதுவும் கூடாது. கழுவிய பாத்திரத்தில், கழுவிய கரண்டியால் செய்து தர முடியுமா? முடியாது என்றாலும் தெரியாது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். நாங்கள் வருத்தப்பட மாட்டோம். நன்றி."

அந்தக் கடைசி மூன்று வாக்கியங்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அடுப்படியில் நிற்பவருக்கு உண்மையைச் சொல்லும் தைரியத்தை அவைதான் கொடுக்கும். தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி தெரிந்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். இந்தச் சீட்டை மொழிபெயர்த்துத் தர முன்வருபவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். விடுமுறை தொடங்கும் முன்பே தேவைப்படும் வீடுகளுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடலாம்.

எல்லோரும் நல்லபடியாகப் போய், நன்றாகச் சாப்பிட்டு, நலமாகத் திரும்பி வாருங்கள். வணக்கம்.